சக்தி (இசைக்குழு)

சக்தி என்பது கர்நாடக இசை, இந்துஸ்தானி இசை, ஜாஸ் ஆகிய மூன்றையும் மனோதர்மத்தின் வழியே ஒன்றிணைத்த இசைக்குழு. ஆங்கிலேய கிதார் கலைஞர் ஜான் மெக்லாக்லின், வயலின் கலைஞர் எல். சங்கர், தபலா கலைஞர் ஜாகிர் உசேன், கடம் கலைஞர் டி. எச். விக்கு விநாயக்ராம் ஆகியோர் இதன் முதன்மை உறுப்பினர்கள். தொடக்கத்தில் ராம்நாட் ராகவன் மிருதங்கம் வாசித்தார். 1973இல் அமெரிக்காவில் உருப்பெற்ற இக்குழு 1978இல் கலைந்தது. 1997இல் 'ரிமெம்பர் சக்தி' என்ற பெயரிலும், 2020இல் பழைய பெயரிலேயே மீண்டும் கூடியது. கர்நாடக இசையின் லயக் கணக்கு இக்குழுவில் அலங்காரமாக நில்லாமல் அடித்தளமாகவே அமைந்தது.

முன்வரலாறு

ஜாஸ் கலைஞர்கள் இந்திய இசையின் பக்கம் திரும்பியது சக்திக்கு ஒரு தலைமுறை முன்பே நிகழ்ந்துவிட்டது. சாக்ஸபோன் மேதை ஜான் கோல்ட்ரேன் 1961இல் 'இந்தியா' என்ற உருப்படியை வாசித்தார். ரவி சங்கரிடம் அவருக்கு இருந்த ஈடுபாட்டினால் தம் மகனுக்கு ரவி என்றே பெயரிட்டார். லண்டனில், கல்கத்தாவில் பிறந்த ஜான் மேயரும் ஜமைக்காவைச் சேர்ந்த ஜோ ஹாரியட்டும் 1960களின் நடுவில் 'இந்தோ-ஜாஸ்' என்ற பெயரில் இசைத்தட்டுகள் வெளியிட்டனர். லாஸ் ஏஞ்சலீஸில் டான் எல்லிஸ், ஹரிஹர் ராவுடன் சேர்ந்து ஒரு குழு நடத்தினார். மைல்ஸ் டேவிஸ் தம் 'ஆன் த கார்னர்' (1972) தொகுப்பில் சிதாரையும் தபலாவையும் பயன்படுத்தினார்.

இம்முயற்சிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பொதுக் குறை ஒன்று உண்டு. இந்திய வாத்தியம் நிறத்துக்காகச் சேர்க்கப்பட்டது; இசையின் கட்டுமானம் மேற்கத்தியதாகவே இருந்தது. மேலும், அவை நாடியது வட இந்திய இசையையே. தென்னிந்திய இசை அப்போது மேற்குலகில் பல்கலைக்கழக வளாகங்களுக்கு வெளியே அதிகம் அறியப்படவில்லை.

வெஸ்லியன் பல்கலைக்கழகமும் தமிழ்க் கலைஞர்களும்

சக்தியின் வேர் நியூயார்க்கின் ஜாஸ் கூடங்களில் இல்லை; கனெக்டிகட் மாநிலத்தின் மிடில்டவுன் என்ற சிற்றூரில் இருக்கிறது. அங்குள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஈ. பிரவுன் 1960களின் தொடக்கத்தில் உலக இசைத் துறையைக் கட்டியெழுப்பினார். பிரவுன் மிருதங்கத்தை ஆய்வுப் பொருளாகக் கொண்டு முனைவர் பட்டம் பெற்றவர். நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியின் சகோதரர்களான மிருதங்க வித்வான் டி. ரங்கநாதனும் புல்லாங்குழல் வித்வான் டி. விஸ்வநாதனும் அங்கே ஆசிரியர்களாக இருந்தனர். ராம்நாட் கிருஷ்ணனும் அங்கே பாட்டு கற்பித்தார். பின்னாளில் 'ஹிக்கின்ஸ் பாகவதர்' என்று சென்னை ரசிகர்கள் கொண்டாடிய ஜான் ஹிக்கின்ஸ் இங்கு பயின்றவர்தான்.

அங்கே பணியாற்றிய மற்றொருவர் டாக்டர் எஸ். ராமநாதன் (1917–1988). பாடகர், வீணைக் கலைஞர், இசையறிஞர் என மூன்று தகுதியும் ஒருங்கே கொண்டவர். சிலப்பதிகாரத்தின் இசைக் குறிப்புகளைத் துலக்கிய ஆய்வாளர் என்ற வகையில் தமிழிசை வரலாற்றில் அவருக்குத் தனி இடம் உண்டு. வெஸ்லியனில் அவர் பெற்ற முனைவர் பட்டமும் அந்தப் பொருளிலேயே அமைந்தது. மெக்லாக்லின் இவரிடம்தான் வீணை கற்றார். வீணையைத் தொடர்ந்து வாசிக்கும் எண்ணம் பின்னர் அவருக்குக் குறைந்தது. ஆனால் கர்நாடக ராகங்களின் ஆரோகண அவரோகணமும் கமகமும் தாளக் கணக்கும் அவருக்குக் கிடைத்தது இந்தப் பாடத்தில்தான்.

எல். சங்கரும் வெஸ்லியனில் இசை ஆய்வு மாணவராக இருந்தார். ராம்நாட் கிருஷ்ணனின் சகோதரரான ராம்நாட் ராகவன் அங்கே மிருதங்கம் கற்பித்து வந்தார். ஆக, குழுவின் ஐவரில் மூவரை இணைத்தது ஒரே வளாகம்.

உறுப்பினர்கள்

ஜான் மெக்லாக்லின் 1942 ஜனவரி 4 அன்று இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியிலுள்ள டான்காஸ்டரில் பிறந்தார். 1969இல் நியூயார்க் சென்று மைல்ஸ் டேவிஸின் 'இன் எ சைலன்ட் வே', 'பிட்சஸ் புரூ' ஆகிய புகழ்பெற்ற பதிவுகளில் வாசித்தார். வங்காளத்து ஆன்மிக குரு ஸ்ரீ சின்மயின் சீடரானார். குரு சூட்டிய 'மகாவிஷ்ணு' என்ற பெயரிலேயே 1971இல் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா என்ற மின்னிசைக் குழுவைத் தொடங்கினார். அதிவேகமும் பேரொலியும் அக்குழுவின் அடையாளம். அது புகழில் இருந்த காலத்திலேயே மின் கிதாரை ஒதுக்கிவிட்டுத் தரையில் சம்மணமிட்டு அமர்ந்து வாசிக்க அவர் முன்வந்தது ரசிகர்களையும் இசைத்தட்டு நிறுவனத்தையும் திகைக்க வைத்தது.

எல். சங்கர் 1950இல் சென்னையில் பிறந்தவர். தந்தை வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை ஆசிரியராக இருந்ததால் இளமையின் ஒரு பகுதி அங்கே கழிந்தது. 1958இல் இலங்கையில் நிகழ்ந்த இனக் கலவரத்துக்குப் பின் குடும்பம் சென்னைக்குத் திரும்பியது. அண்ணன்மார் எல். வைத்தியநாதன், எல். சுப்ரமணியம் இருவரும் வயலின் கலைஞர்கள். வைத்தியநாதன் 'ஏழாவது மனிதன்' உள்ளிட்ட தமிழ்ப் படங்களுக்கு இசையமைத்தவர். பக்கவாத்தியமாக இருந்த வயலினைத் தனி வாத்தியமாக உயர்த்த வேண்டும் என்பதே இக்குடும்பத்தின் முனைப்பு.

ஜாகிர் உசேன் 1951 மார்ச் 9 அன்று மும்பையில், தபலா மேதை அல்லா ரக்காவின் மகனாகப் பிறந்தார். பஞ்சாப் கரானாவைச் சேர்ந்தவர். 1970களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் சரோத் மேதை அலி அக்பர் கான் நடத்திய இசைக் கல்லூரியில் தபலா கற்பித்தார். மெக்லாக்லினுடன் நெருக்கம் வளர்ந்தது அக்காலத்தில்தான்.

விக்கு விநாயக்ராம் 1942 ஆகஸ்ட் 11 அன்று பிறந்தார். தந்தை டி. ஆர். ஹரிஹர சர்மா சென்னையில் நிறுவிய ஸ்ரீ ஜெயகணேஷ் தாளவாத்ய வித்யாலயாவில் பயின்றார். 1966இல் ஐக்கிய நாடுகள் அவையில் எம். எஸ். சுப்புலட்சுமி பாடியபோது கடம் வாசித்தவர் இவரே. 1970களில் அமெரிக்காவின் பெர்க்லியில் கடம் கற்பித்து வந்தவர், அங்கிருந்து சக்தியில் இணைந்தார்.

முதல் கட்டம் (1973–1978)

குழுவின் முதல் இசைத்தட்டு 1975 ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலத்தின் சவுத்தாம்ப்டன் கல்லூரியில் நடந்த கச்சேரியின் நேரடிப் பதிவு. கொலம்பியா நிறுவனம் 1976இல் அதை வெளியிட்டது. தட்டின் ஒரு பக்கத்தில் 18 நிமிடம் நீளும் 'ஜாய்' என்ற உருப்படியும், ஐந்து நிமிடத்துக்கும் குறைவான 'லோட்டஸ் ஃபீட்' என்ற மென்மையான உருப்படியும் உள்ளன. மறு பக்கம் முழுவதையும் ஏறத்தாழ 29 நிமிடம் கொண்ட ஒரே உருப்படி நிறைக்கிறது. 'லோட்டஸ் ஃபீட்' பின்னர் குழுவின் எல்லாக் கட்டங்களிலும் வாசிக்கப்பட்டது.

ராகவன் விலகிய பின் குழு நால்வராகச் சுருங்கியது. 1976 ஆகஸ்டில் லண்டனில் பதிவானது 'எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி' என்ற தட்டு. அதன் முதல் உருப்படியான 'லா தான்ஸ் து போனர்' வாத்தியமின்றி, தாளச் சொற்கட்டுகளை வாயால் சொல்லும் கொன்னக்கோலில் தொடங்குகிறது. ஐரோப்பிய, அமெரிக்க ரசிகர்களில் பலர் சொற்கட்டு என்ற ஒன்றைக் கேட்டது அதுவே முதல் முறை. பாரம்பரியக் கீர்த்தனை ஒன்றும் 'கிருதி' என்ற தலைப்பிலேயே இத்தட்டில் இடம்பெற்றது. அதே ஆண்டு சுவிட்சர்லாந்தின் மோந்த்ரோ ஜாஸ் விழாவிலும் குழு வாசித்தது.

1977இல் வெளியான 'நேச்சுரல் எலிமென்ட்ஸ்' எட்டுக் குறுகிய உருப்படிகளைக் கொண்டது. நீண்ட ஆலாபனைக்கும் தனி ஆவர்த்தனத்துக்கும் அதில் இடம் குறைந்தது. லத்தீன் அமெரிக்கச் சாயலும் தென்பட்டது. அடுத்த ஆண்டு குழு கலைந்தது. 1978இல் மெக்லாக்லின் 'எலக்ட்ரிக் கிதாரிஸ்ட்' என்ற தட்டுடன் மின்னிசைக்குத் திரும்பினார்.

வாத்தியங்கள்

மெக்லாக்லினின் கிதார் சக்திக்கென்றே வடிவமைக்கப்பட்டது. சாதாரண கிதாரில் மெட்டுகள் தட்டையான பலகையில் பதிந்திருக்கும். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லலாம். ஆனால் ஒரே சுரத்தை அசைத்து, மேலும் கீழும் தொட்டு மீளும் கமகத்துக்கு அதில் இடம் போதாது. வீணையில் மெட்டுகள் மெழுகின் மேல் உயர்ந்து நிற்பதால் தந்தியைப் பக்கவாட்டில் இழுக்க முடிகிறது. இவ்வசதியைப் பெற, கிதாரின் மெட்டுகளுக்கு இடைப்பட்ட மரம் குழிவாகச் செதுக்கப்பட்டது. விரல் மரத்தைத் தொடாமல் தந்தியை மட்டும் அழுத்தவும் இழுக்கவும் இதனால் முடிந்தது. முதன்மைத் தந்திகள் ஆறுக்கும் கீழே, ஒலித்துளையின் குறுக்கே சாய்வாக ஏழு துணைத் தந்திகள் கட்டப்பட்டன. அவை வாசிக்கும் ராகத்துக்கேற்பச் சுருதி கூட்டப்படும்; தாமாக அதிர்ந்து சூழலை நிரப்பும்; சில இடங்களில் அவற்றைத் தனியே மீட்டுவதும் உண்டு. கிப்சன் நிறுவனத்துக்காக இக்கருவியைச் செய்தவர் ஏப்ரகாம் வெக்டர்.

சங்கர் இக்குழுவில் வாசித்தது வழக்கமான வயலின். பத்துத் தந்திகள் கொண்ட இரட்டை வயலினை அவர் உருவாக்கியது குழு கலைந்த பிறகுதான்.

கடத்துக்குச் சக்தியில் கிடைத்த இடம் தனியே குறிப்பிடத்தக்கது. சபா கச்சேரியில் கடம் உபபக்கவாத்தியம், மேடையில் பின்வரிசை, மிருதங்கம் விட்ட இடத்தில் தொட்டு, தனி ஆவர்த்தனத்தில் கிடைக்கும் சில நிமிடங்களோடு நிறைவு பெற வேண்டியது. சக்தியில் அது தபலாவுக்குச் சரிசமமாக முன்வரிசையில் அமர்ந்தது. பானையின் வாயை வயிற்றோடு அழுத்தியும் விலக்கியும் விநாயக்ராம் எழுப்பிய கும்காரம், பாஸ் கிதார் இல்லாத குறையை ஈடுசெய்தது. கழுத்துப் பகுதியில் விரல் நுனியால் எழும் கூர்மையான ஓசை, டிரம்ஸ் இல்லாத குறையை ஈடுசெய்தது. கடத்தை மேலே எறிந்து பிடித்துத் தாளம் தவறாமல் தொடரும் அவருடைய வித்தை ரசிகர்களிடையே பெரும் வரவேற்பைப் பெற்றது. கச்சேரி மரபில் ஊறியவர்களில் சிலர் அதை ரசிக்கவில்லை.

தாள அமைப்பு

ஜாஸில் மனோதர்மம் பெரும்பாலும் சுரக்கூட்டுகளின் (chords) வரிசையைச் சுற்றி நடக்கும். வரிசை மாறும்போது வாசிப்பவரும் அதற்கேற்ப மாற வேண்டும். சக்தியில் பெரும்பாலும் அந்த வரிசை இல்லை. சுருதி ஒன்று, ராகம் ஒன்று, மாறுவது தாளத்துக்குள் நிகழும் கணக்கு. கிதாரில் சுரக்கூட்டுகள் ஆங்காங்கே வந்தாலும் அவை இசையை நடத்திச் செல்வதில்லை.

உருப்படியின் உச்சத்தில் நால்வரும் மாறி மாறி வாசிக்கும் பகுதி, கர்நாடகக் கச்சேரியின் குறைப்பு முறையைப் பின்பற்றியது. முதலில் இரண்டு ஆவர்த்தனம், பிறகு ஒன்று, பிறகு அரை, கால் என அளவு குறைந்துகொண்டே போய், முடிவில் அனைவரும் சேர்ந்து மோராவும் கோர்வையும் வாசித்து, தாளத்தின் தொடக்கமான சமத்தில் முடிப்பார்கள். ஆதி தாளத்தின் எட்டு அட்சரத்தைச் சதுஸ்ர நடையில் எண்ணினால் 32 மாத்திரை. 'ததிங்கிணதொம்' என்ற சொற்கட்டு ஐந்து மாத்திரை. அதை இடைவெளியின்றி மூன்று முறை வாசிக்க 15 மாத்திரை ஆகும். எனவே 17 மாத்திரை கழித்துத் தொடங்கினால் முடிவு சரியாக அடுத்த சமத்தில் வந்து விழும். தபலா மரபிலும் ஒரே சொற்றொடரை மும்முறை வாசித்துச் சமத்தில் சேரும் 'திஹாய்' உண்டு. வடக்கும் தெற்கும் இங்கு எளிதாகக் கைகோத்தன. கிதாரும் வயலினும் இதே கணக்கைச் சுரங்களில் வாசித்தன.

இந்தக் கணக்கு அத்தனை பேருக்கும் மனப்பாடமாக இருந்ததால், வேகமான பகுதிகளை எழுதிவைக்காமலேயே நால்வரும் ஒரே இடத்தில் வந்து சேர முடிந்தது. மெக்லாக்லின் பின்னாளில் விநாயக்ராமின் மகன் வி. செல்வகணேஷுடன் சேர்ந்து கொன்னக்கோல் கற்பிக்கும் 'த கேட்வே டு ரிதம்' என்ற காணொளிப் பாடத்தையும் வெளியிட்டார்.

வகைப்பாடு

சக்தியை ஜாஸ் என்று அடுக்குவதா, உலக இசை என்று அடுக்குவதா, ஃபியூஷன் என்று அடுக்குவதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மேற்கத்திய நூல்கள் மெக்லாக்லினைத் தலைவராகக் கொண்டு ஜாஸ்-ராக் வரலாற்றின் கிளையாக இதைக் கூறுகின்றன. முதல் தட்டின் தலைப்பிலேயே அவர் பெயர் தனியே இடம்பெற்றதும் அதற்குக் காரணம். 'உலக இசை' என்ற பெயர் வணிக வழக்காகப் பரவியது 1980களில்தான். எனவே அது பின்னர் ஒட்டப்பட்ட சீட்டு.

இசையின் அமைப்பை நோக்கினால் விடை தெளிவு. டிரம்ஸ் இல்லை, பியானோ இல்லை, சுரக்கூட்டு வரிசை இல்லை. ராகம், தாளம், குறைப்பு, கோர்வை, சொற்கட்டு ஆகிய அனைத்தும் கர்நாடக இசையிலிருந்து வந்தவை. ஐவரில் மூவர் அம்மரபினர். ஆகவே சக்தியைக் கர்நாடக இசையின் வெளிநாட்டுக் கிளையாக, ஜாஸின் சுதந்திர உணர்வு சேர்ந்த கச்சேரியாகக் கொள்வதே பொருத்தம். முதல் கட்டத்தில் இந்துஸ்தானியின் பங்கு பெரும்பாலும் தபலாவோடு நின்றது.

ரிமெம்பர் சக்தி (1997 முதல்)

இந்திய விடுதலையின் பொன்விழா ஆண்டான 1997இல் மெக்லாக்லின், ஜாகிர் உசேன், விநாயக்ராம் ஆகியோர் புல்லாங்குழல் மேதை ஹரிபிரசாத் சௌராசியாவுடன் பிரிட்டனில் சுற்றுப்பயணம் செய்தனர். சங்கர் இதில் இடம்பெறவில்லை. அக்கச்சேரிகளின் பதிவு 1999இல் 'ரிமெம்பர் சக்தி' என்று வெளியானது. சௌராசியாவின் வரவால் இசை நிதானமாகி, இந்துஸ்தானிப் பக்கம் சாய்ந்தது.

பின்னர் மாண்டலின் உ. ஸ்ரீநிவாஸ் சேர்ந்தார். 1969இல் ஆந்திரத்தின் பாலகொல்லுவில் பிறந்து, சிறுவயதிலேயே சென்னை மேடைகளில் புகழ்பெற்றவர். விநாயக்ராமின் இடத்தை மகன் செல்வகணேஷ் ஏற்றார். கஞ்சிரா, கடம், மிருதங்கம் மூன்றையும் வாசிக்கும் இவரைத் தமிழ் ரசிகர்கள் 'வெண்ணிலா கபடிக்குழு' படத்தின் இசையமைப்பாளராகவும் அறிவார்கள். இவ்வணியின் 'த பிலீவர்' 2000இல் வெளியானது. 2000 டிசம்பரில் மும்பையில் நடந்த கச்சேரிகள் 'சாட்டர்டே நைட் இன் பாம்பே' (2001) ஆயின. சந்தூர் மேதை சிவகுமார் சர்மா, டிரம்ஸ் கலைஞர் சிவமணி ஆகியோர் அதில் விருந்தினர்கள். பாடகர் சங்கர் மகாதேவனும் அதில் இணைந்தார். குழுவுக்கு நிலையான வாய்ப்பாட்டுக் கலைஞர் கிடைத்தது அப்போதுதான். ஸ்ரீநிவாஸ் 2014 செப்டம்பர் 19 அன்று 45 வயதில் சென்னையில் காலமானார். குழுவின் இரண்டாம் கட்டம் அத்துடன் முடிந்தது.

தாக்கம்

சக்திக்குப் பின் கர்நாடகத் தாளவாத்தியக் கலைஞர்களுக்கு மேற்கத்திய மேடைகள் திறந்தன. மிக்கி ஹார்ட்டின் 'பிளானட் டிரம்' (1991) தொகுப்பில் ஜாகிர் உசேனும் விநாயக்ராமும் வாசித்தனர்; சிறந்த உலக இசைத் தொகுப்புக்கான முதல் கிராமி விருது அதற்கே கிடைத்தது. சங்கர், ஜாகிர், விநாயக்ராம் மூவரும் 'பஞ்ச நடை பல்லவி' என்ற தட்டில் மீண்டும் சேர்ந்து வாசித்தனர். விநாயக்ராமுக்கு 2002இல் பத்மஸ்ரீயும் 2014இல் பத்மபூஷணும் வழங்கப்பட்டன.

அண்மைக்காலம்

2020இல் மெக்லாக்லின், ஜாகிர் உசேன், சங்கர் மகாதேவன், செல்வகணேஷ், கணேஷ்–குமரேஷ் வயலின் இணையரில் ஒருவரான கணேஷ் ராஜகோபாலன் ஆகியோருடன் குழு மீண்டும் அமைந்தது. 2023இல் பொன்விழாச் சுற்றுப்பயணம் நடந்தது. அதே ஆண்டு ஜூனில் வெளியான 'திஸ் மொமென்ட்', 1977க்குப் பின் குழுவின் முதல் ஒலிக்கூடத் தொகுப்பு. 2024 பிப்ரவரியில் அது சிறந்த உலகளாவிய இசைத் தொகுப்புக்கான கிராமி விருதைப் பெற்றது. ஜாகிர் உசேன் 2024 டிசம்பர் 15 அன்று சான் பிரான்சிஸ்கோவில் காலமானார். குழுவின் பெயரை நிலைநாட்டிய 1970களின் மூன்று தட்டுகளில் எதற்கும் கிராமி கிடைத்ததில்லை.